வீட்டைச் சுற்றி இருப்பதை வரைகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (மதுரை)

மாடிப்படி எழுதியது:

வணக்கம். எனக்குத் திருநகர் பக்கம் வீடு. சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு நோட்டு வாங்கி, கண்ணில் படுகிற பறவை, செடி, பூச்சி எல்லாவற்றையும் வரைய ஆரம்பித்தேன். இப்போது ஆவணி. தொண்ணூறு பக்கம் தீர்ந்துவிட்டது. முறையாக யாரிடமும் கற்றதில்லை. பள்ளியில் ரெக்கார்டு நோட்டுக்குச் செம்பருத்திப் பூவை வெட்டி வரைந்ததுதான் கடைசி.

வெளியூர் எங்கும் போவதில்லை. மொட்டை மாடி, கொல்லையில் உள்ள கறிவேப்பிலை மரம், தெருமுனையில் யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற ஒரு காலி மனை, இந்த மூன்று இடம்தான். காலி மனையில் எருக்கு, ஆவாரை, துத்தி, குப்பைமேனி, தும்பை, வெட்டுக்காயப்பூண்டு எல்லாம் மண்டிக் கிடக்கிறது. இத்தனை வருடம் அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போனேன். ஒரு செடியையும் நின்று பார்த்ததில்லை.

இரண்டு கேள்வி. பறவை ஒரு நொடி நிற்பதில்லை. அலகை வரைந்து முடிப்பதற்குள் பறந்துவிடுகிறது. நோட்டில் பாதிப் பக்கம் வெறும் அலகுகள்தான். நீங்கள் எப்படி வரைகிறீர்கள்?

இரண்டாவது, நேற்று ஒரு வண்ணத்துப்பூச்சி வரைந்தேன். இறக்கை கறுப்பு, பின்னிறக்கையின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள், வால் உண்டு. படங்களோடு ஒப்பிட்டால் ரோஜா அழகி என்று தெரிகிறது. சரிதானா?

கண்மாய்க்கரை எழுதியது:

வாங்க அக்கா. முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், பூச்சிக்கு வேறு ஆள் வருவார்கள்.

அலகில் ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். முதலில் ஒரே ஒரு கோடு: தலை உச்சியில் இருந்து வால் நுனி வரை பறவை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று. கரிச்சான் கம்பியில் நெட்டுக்குத்தாக உட்காரும். தவிட்டுக்குருவி தரையில் கிடைமட்டமாகத் தத்தும். அந்தச் சாய்வு சரியாக விழுந்தாலே, இறகு ஒன்றுகூட வரையாமல் இது இன்ன பறவை என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை. அலகு கடைசியில்.

இன்னொன்று, பறவையைத் தேர்ந்தெடுங்கள். தேன்சிட்டிலும் தையல்சிட்டிலும் தொடங்கினால் வெறுத்துப் போகும். அவனியாபுரம், வண்டியூர் என்று எந்தக் கண்மாய் ஓரம் போனாலும் மடையான் நிற்கும். மீன் வரும்வரை அசையாது. நான் ஒரு மடையானை இருபது நிமிடம் வரைந்திருக்கிறேன், அது கழுத்தை மட்டும் இரண்டு தடவை நீட்டியது. கரிச்சானும் பச்சைப் பஞ்சுருட்டானும் பறந்தால் பரவாயில்லை. பூச்சியைப் பிடித்துக்கொண்டு அநேகமாக அதே கம்பிக்குத் திரும்பி வரும். பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்தால் கொடுக்கு போகும்வரை கம்பியில் அடித்து அடித்துத்தான் தின்னும். அந்த நேரம் உங்களுக்குக் கிடைக்கிற நேரம்.

ஒரு பக்கத்தில் ஐந்தாறு படம் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். பறவை குனிந்தால் குனிந்த படத்தில் இரண்டு கோடு. நிமிர்ந்தால் நிமிர்ந்த படத்தில் இரண்டு கோடு. எந்தப் பறவைக்கும் பழக்கமான நிலை நாலைந்துதான், திரும்பத் திரும்ப அதற்கே வரும்.

காலில் கவனம். பறவைக்கு முழங்கால் பின்பக்கம் மடிகிறது என்று நினைத்து வரைகிறோம். அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இது தெரிந்த அன்றைக்குத்தான் என் கொக்குகள் விழாமல் நின்றன.

லென்ஸ்கண் எழுதியது:

ஏன் இவ்வளவு சிரமம்? போனில் நாலு படம் எடுத்து, வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக வரையலாமே. இறகு எண்ணிக்கைகூடச் சரியாக வரும். பத்து வருடமாகப் பறவைப் படம் எடுக்கிறேன். அடையாளம் காண்பதில் ஒரு நல்ல போட்டோவுக்கு நிகர் எதுவும் இல்லை.

மாடிப்படி எழுதியது:

நானும் எடுத்தேன் சார், அந்த வண்ணத்துப்பூச்சியை. அது இறக்கையை அடித்துக்கொண்டே தேன் குடித்தது. ஐந்து படமும் கலங்கி இருக்கிறது.

கண்மாய்க்கரை தம்பி, இன்று காலை மாடியில் கரிச்சானை வைத்து நீங்கள் சொன்னபடி செய்தேன். முதல் தடவையாக ஒரு முழுப் பறவை வந்திருக்கிறது. வால் பிளவு மட்டும் கொஞ்சம் அகலமாகிவிட்டது.

சில்வண்டு எழுதியது:

அக்கா, நான் வேளாண்மை படிக்கிறேன், பூச்சியியலில் ஆர்வம். உங்கள் வண்ணத்துப்பூச்சி பற்றி ஒரே ஒரு கேள்வி: உடம்பு என்ன நிறம்? இறக்கை வேண்டாம், உடம்பு மட்டும்.

மாடிப்படி எழுதியது:

நினைவில் இருந்து கேட்டால் சிவப்பு என்றுதான் சொல்லியிருப்பேன் தம்பி, படங்களில் அப்படிப் பார்த்ததால். நோட்டை எடுத்துப் பார்த்தேன். உடம்பைக் கறுப்பாகத் தீட்டி, பக்கத்தில் "தலையும் கறுப்பு, வெள்ளைப் புள்ளி" என்று நானே எழுதியிருக்கிறேன்.

சில்வண்டு எழுதியது:

அப்படியானால் அது ரோஜா அழகி இல்லை. கறிவேப்பிலை அழகி என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் பெண்.

ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளரும். அந்தச் செடியின் நஞ்சு வண்ணத்துப்பூச்சி ஆன பிறகும் உடம்பில் இருக்கும். அதனால் பறவைகள் தொடாது. உடம்பில் இருக்கும் சிவப்பு, என்னைத் தின்னாதே என்ற அறிவிப்பு. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகி மாதிரியே இறக்கை போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இன்னொரு வகை சிவப்புடல் அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். மூன்றாவது வகை தன் ஆணைப் போலவே, கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். இறக்கையை அப்படியே நகல் எடுத்திருக்கிறது, உடம்பில் மட்டும் சிவப்பு இல்லை.

பெயரைப் பார்த்துவிட்டு வரைந்திருந்தால் கை தானாகச் சிவப்பைத் தீட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் வரைந்த பிறகு பெயர் தேடியதால்தான் உண்மை நோட்டில் இருக்கிறது. கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருக்கிறதே, அதில் முட்டை வைக்க வரலாம், இளந்தளிரைத் தினமும் பாருங்கள்.

லென்ஸ்கண் எழுதியது:

இந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். நான் பின்னிறக்கையைப் பார்த்த உடனே ரோஜா அழகி என்று பதிந்திருப்பேன். என் பழைய படங்களில் இந்தப் பெயர் போட்ட இரண்டை இப்போது திறந்து பார்த்தேன். ஒன்றில் உடம்பு கறுப்பு. திருத்திவிட்டேன்.

பென்சில்சீவல் எழுதியது:

செடி பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குச் செடிதான் உயிர். ஓடாது, பறக்காது என்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம்.

ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூவும் சின்னச் சின்ன இலையும் வரைந்தால் ஆவாரை ஆகிவிடாது, கொன்றை இனத்தில் பாதிச் செடி அப்படித்தான் இருக்கும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் மாதிரி வட்டமாக ஒரு சிற்றிலை தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ஆவாரையின் முத்திரை. இந்தச் செடியைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம், வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொள்கிறோம், தேநீர் போடுகிறோம். அந்தக் காதை நான் கவனித்தது முப்பத்தெட்டாவது வயதில், வரைய உட்கார்ந்த பிறகு.

எருக்கில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த ஜோடி தெற்கு வடக்கு. மேலே இருந்து பார்த்தால் கூட்டல் குறி. இதைக் கவனிக்காமல் வரைந்த எருக்கு, எருக்கு மாதிரித் தெரியவே தெரியாது, எவ்வளவு அழகாகத் தீட்டினாலும். பூவின் நடுவே இருக்கும் கிரீடத்தையும் வெட்டிப் பாருங்கள். பெரிய கருவண்டு வந்து உட்காரும்போது அதன் கால் கிரீடத்தின் இடுக்கில் சிக்கி, மகரந்தம் தூளாக இல்லாமல் சின்னப் பையாகக் கழன்று வரும். அந்தப் பை அடுத்த பூவுக்குப் போகும்.

பழைய முறை ஒன்று சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நம் ஊர்ச் செடிகளை ஆவணப்படுத்தினார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கிளை முழுவதையும் தாளின் நடுவில் வரைவார்கள். கீழே ஓரமாக, வெட்டிய பூ, காய், விதை எல்லாம் பெரிதுபடுத்தித் தனித்தனியாக இருக்கும். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் வைத்தார். அந்தத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இந்த மண்ணில் இந்த வேலை புதிது இல்லை, நாம் நடுவில் விட்டுவிட்டோம். நடுவில் கிளை, ஓரத்தில் பாகங்கள். இன்றைக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

தாளின் கனம் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் தண்ணீர் வண்ணம் தாங்கும். பென்சில் எச்பி ஒன்று, 2பி ஒன்று போதும். அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

கிழக்குவாசல் எழுதியது:

ஒரு சின்ன மறுப்பு. நாட்டுச் செடிகளை வரைகிறோம் என்றால் பட்டியலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. உன்னிச்செடியும் அப்படித்தான். சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை என்ன பாடு படுத்துகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. இவற்றுக்கும் பக்கம் ஒதுக்கினால், பார்க்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் நம் செடி என்றாகிவிடும்.

தும்பைப்பூ எழுதியது:

நான் மேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. கிழக்குவாசல் சார் சொல்வதில் பாதி சரி. மறைக்க வேண்டாம், எழுதி வைக்க வேண்டும். என் பிள்ளைகள் வந்த செடிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "வந்தது" என்று எழுதுவார்கள். அப்புறம் அதில் எத்தனை வகைப் பூச்சி உட்கார்ந்தது, பக்கத்தில் இருக்கும் எருக்கில் எத்தனை வகை உட்கார்ந்தது என்று எண்ணுவார்கள். எருக்கின் இலையைத் தின்கிற பெரிய மஞ்சள் நீல வெட்டுக்கிளி, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எல்லாம் சீமைக்கருவேலத்தில் இருக்காது. நான் பாடம் நடத்தாமலேயே பிள்ளைகள் கேட்கிறார்கள், "டீச்சர், இதை ஏன் யாரும் திங்க மாட்டேங்குது?" என்று.

அந்த வெந்தய வரியன் புழுவை வரையச் சொன்னபோது நடந்தது ஒன்று. வெள்ளை, மஞ்சள், கறுப்பு வரிகள் போட்ட புழு. முதுகில் கறுப்பாகக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாப் பிள்ளைகளும் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி வரைந்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் நடுவிலும் ஒரு ஜோடி போட்டிருந்தான். மற்றவர்கள் தப்பு என்று அடித்துப் பேசினார்கள். எல்லாருமாக மறுபடியும் எருக்கஞ்செடிக்குப் போனோம். மூன்று ஜோடிதான். வகுப்பில் எழுதப் படிக்கச் சிரமப்படுகிற பையன் அவன். அன்று முதல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்களுக்கு அரிட்டாபட்டி பக்கம்தான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். அங்கே ராசாளியும் வல்லூறும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன், கண்கள் விரிந்துவிடும். ஆனால் அவர்கள் நன்றாக வரைவது பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்தில் இருப்பதைத்தான். ஏனென்றால் அதை நேற்றும் பார்த்தார்கள், நாளைக்கும் பார்ப்பார்கள்.

கிழக்குவாசல் எழுதியது:

சிவப்பு மை யோசனை நன்றாக இருக்கிறது டீச்சர். நானும் எடுத்துக்கொள்கிறேன்.

மாடிப்படி எழுதியது:

சில்வண்டு தம்பி, வந்துவிட்டது! கறிவேப்பிலைத் தளிரில் கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில், உருண்டையாக ஒரு முட்டை. அந்த வண்ணத்துப்பூச்சி வயிற்றை வளைத்து முட்டை வைத்ததை நேரில் பார்த்தேன். ஒரு தளிருக்கு ஒன்றுதான், அடுத்ததை வேறு கிளையில் வைத்தது. உடம்பு கறுப்பேதான்.

புழு வந்த பிறகு தினமும் ஒரு படம் வரைகிறேன். முதலில் காக்கை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக இருந்தது. நான்கு முறை தோல் உரித்து இப்போது பச்சை. தெரியாமல் கிளையை ஆட்டிவிட்டேன், தலைக்குப் பின்னால் இருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வந்தது, கூடவே ஒரு நெடி. பயந்துதான் போனேன். கடைசிப் புழுவை மட்டும் ஒரு கொண்டைக்குருவி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதையும் வரைந்தேன்.

ரசத்துக்கு இலை பறிக்கும்போது இப்போதெல்லாம் வீட்டில் எல்லாருமே இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

சில்வண்டு எழுதியது:

அருமை அக்கா. ஒரு வேண்டுகோள், எல்லாருக்கும். சின்ன வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வைத்தவர்கள்தான் நாம். வரைவதற்காகப் பூச்சியைப் பிடித்து அடைக்க வேண்டாம். கூட்டில் இருக்கும் குஞ்சை வரையக் கிளையை விலக்கவும் வேண்டாம், காக்கைக்கு வழி காட்டியது மாதிரி ஆகிவிடும். தள்ளி நின்று வரைகிற படத்தில் எவ்வளவு விவரம் வருகிறதோ அது போதும்.

இன்னொரு விஷயம். பூச்சியின் ஆறு காலும் நடு உடம்பில்தான் ஒட்டியிருக்கும், இறக்கையும் அங்கேதான். வயிற்றில் இருந்து கால் புறப்பட்டால் படம் தப்பு. எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியே இல்லை. முதல் மழைக்குச் செம்மண்ணில் பட்டுத்துணி மாதிரி சிவப்பாக ஊர்கிறதே, அதுவும் எட்டுக்கால் இனம்தான். எண்ணிப் பாருங்கள்.

மாடிப்படி எழுதியது:

இன்று எழுதவே மனம் வரவில்லை. காலி மனையைச் சுத்தம் செய்துவிட்டார்கள். பாம்பு வருகிறது என்று யாரோ புகார் சொல்ல, மனைக்காரர் ஜேசிபி விட்டு அரைநாளில் வழித்துவிட்டார். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை, அவர் இடம் அது. குழந்தைகள் நடக்கிற வழி என்றும் சொல்கிறார்கள். எருக்கில் ஐந்து வெந்தய வரியன் புழுக்கள் இருந்தன, பெரியவை. நாளைக்கு வரையலாம் என்று விட்டிருந்தேன்.

அங்கே வரைந்ததை எல்லாம் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தாறு செடி. அதில் மூன்றுக்குப் பெயர் தெரியாது. ஒன்று தரையோடு படர்ந்தது, இலை வட்டமாக, காம்புப் பக்கம் உள்வாங்கி இருக்கும். பூ சின்ன நாதஸ்வரம் மாதிரி, வாய் கருஞ்சிவப்பு. ஆனி மாதம் வரைந்திருக்கிறேன். யாராவது சொல்ல முடியுமா?

பென்சில்சீவல் எழுதியது:

அம்மா, அதுதான் ஆடுதின்னாப்பாளை.

சில்வண்டு எழுதியது:

ஆமாம். ரோஜா அழகி முட்டை வைக்கிற செடி. போலி உங்கள் தெருவில் பறக்கிறது என்றால் அசலும் பறந்துகொண்டிருந்திருக்க வேண்டும். பறவைகள் அசலைத் தின்று பார்த்து வெறுத்தால்தான் போலிக்குப் பிழைப்பு.

அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் அக்கா. தேதியும் இடமும் எழுதிய படம் அது. ஐ-நேச்சுரலிஸ்ட் என்று உயிரினங்களைப் பதிகிற இணையதளம் இருக்கிறது, அதில் படத்தைப் போட்டோ எடுத்து ஏற்றலாம், வரைந்த படத்தையும் ஏற்றுக்கொள்வார்கள்.

லென்ஸ்கண் எழுதியது:

வேரோடு வழித்திருந்தாலும் மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். எருக்கு அவ்வளவு சீக்கிரம் விடாது.

கண்மாய்க்கரை எழுதியது:

மனசு கனக்கிறது அக்கா. ஒருநாள் கீழக்குயில்குடி வாங்க, சமணர் மலை அடிவாரத் தாமரைக் குளத்தில். காலை ஆறரைக்கு நான் அங்கே இருப்பேன். மார்கழி, தை என்றால் வலசை வந்த வாலாட்டிகளும் இருக்கும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் வருகிறது. அந்த நாலு நாள் உங்கள் மாடியில் கால்மணி நேரம் நின்று எண்ணி, இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்டாலும் கணக்குதான்.

மாடிப்படி எழுதியது:

நேற்று ஐப்பசி மழை. இன்று காலை மனைக்குப் போனேன். எருக்கு இரண்டு இடத்தில் துளிர்த்திருக்கிறது, நாலு இலை, கூட்டல் குறி மாதிரியே. துத்தி விதை நிறைய முளைத்திருக்கிறது. ஆடுதின்னாப்பாளை இல்லை, அது நின்ற மூலையில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் கறிவேப்பிலை அழகி ஒன்று கூட்டை விட்டு வந்தது. இறக்கை முதலில் நனைந்த துணி மாதிரி சுருங்கித்தான் இருந்தது. விரிய விரிய ஏழு படம் வரைந்தேன். எட்டாவது வரைவதற்குள் பறந்துவிட்டது. இது ஆண், வெள்ளைப் புள்ளி வரிசை.

தும்பைப்பூ எழுதியது:

எங்கள் பள்ளி வேலியோரம் ஆடுதின்னாப்பாளை இருக்கிறது. காய் முற்றிவிட்டது, முக்கோணமாகச் சின்ன விதை. அந்தப் பையன் ஒரு தாளில் மடித்துக் கொடுத்திருக்கிறான், மேலே செடியின் படமும் வரைந்து. சனிக்கிழமை மாட்டுத்தாவணி வருகிறேன். காலை பத்து மணிக்கு மேலூர் பஸ் நிற்கிற இடத்தில் வாங்கிக்கொள்ள முடியுமா? உங்கள் வீட்டுத் தொட்டியில் வெயில் படுகிற பக்கம் போடுங்கள்.

மாடிப்படி எழுதியது:

வந்துவிடுகிறேன் டீச்சர். நோட்டையும் கொண்டு வருகிறேன், அந்தப் பையனுக்குக் காட்ட.